மேற்கு அண்ணனுக்கு, கிழக்கு தம்பிக்கு

நிலத்தைப் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் எல்லா ஊரிலும் உண்டு. வானத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து இந்த இருவர்தான். கட்டடத்தில் எல்லாரும் மூத்தவரைப் பெரியவர் என்றும் இளையவரைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். சின்னவருக்கே அறுபது தாண்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

பெரியவர் இரண்டாம் மாடி. வாழ்நாள் முழுக்க ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். சின்னவர் ஐந்தாம் மாடி. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இளவட்டமாக இருந்தபோது இருவரும் சேர்ந்து கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்தார்கள். அதை மொட்டைமாடியில் நிறுத்தி வால்நட்சத்திரம் தேட ஆரம்பித்தார்கள். அதுவரை யாரும் பார்க்காத ஒன்றை முதலில் பார்த்துச் சொன்னால் அதற்கு நம் பெயரையே வைப்பார்கள். அந்த ஆசைக்கு மருந்து கிடையாது.

இந்தக் காலத்தில் அந்த ஆசை கொஞ்சம் பைத்தியக்காரத்தனமும்கூட. பெரிய பெரிய தானியங்கித் தொலைநோக்கிகள் மலைமேல் உட்கார்ந்துகொண்டு இரவு முழுக்க வானத்தைச் சல்லடை போட்டுச் சலிக்கின்றன. ஒரு விண்கல் தும்மினாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். சூரியனுக்குப் பக்கத்தில் மட்டும் அவற்றால் பார்க்க முடியாது. பொழுது சாய்ந்ததும் மேற்கே கொஞ்ச நேரம், விடிவதற்கு முன் கிழக்கே கொஞ்ச நேரம். தனி ஆட்களுக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான். சகோதரர்கள் பங்கு போட்டுக்கொண்டதும் அந்த மிச்சத்தைத்தான். மேற்கும் மாலையும் அண்ணனுக்கு, கிழக்கும் விடியற்காலையும் தம்பிக்கு. தொலைநோக்கியின் குழாய் அண்ணனுடையது, அதைத் தாங்கும் மரத்தாங்கி தம்பியுடையது. ஒன்றில்லாமல் மற்றொன்று உதவாது என்பதால் இரண்டும் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்றாகவே நின்றன. ஒருவர் பாகத்தை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை. ஓரகத்திகள் இருவரும் மட்டும் வழக்கம்போலப் பேசிச் சிரித்து, ஒரு வீட்டுக் குழம்பை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில நாள் குழம்புக் கிண்ணம் மட்டும் லிப்டில் தனியாகப் போய்வரும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கேள்வி. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரியவர் ஒரு மாலையில் வெள்ளிக் கிரகத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புகைத்துணுக்கைப் பார்த்தார். தம்பியிடம்கூடச் சொல்லாமல் உலகத்துக்கே செய்தி அனுப்பிவிட்டார். பிறகு வானம் பார்ப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் மேடையேறி அறிவித்தார். மூன்றாவது வரிசையில் இருந்த சின்னவர் எழுந்து, “குழாயை லேசா அசைச்சுப் பாத்தீங்களா? அதுவும் சேர்ந்து அசைஞ்சுதா?” என்று கேட்டார். பிரகாசமான கிரகத்தின் வெளிச்சம் கண்ணாடிக்குள் அங்குமிங்கும் பட்டுத் திரும்பினால் அப்படி ஒரு போலி தெரியும். குழாயை நகர்த்தினால் நட்சத்திரங்கள் ஒரு பக்கம் போகும், போலி எதிர்ப்பக்கம் போகும். கண்ணாடிக்காரருக்கு இது பாலபாடம். பெரியவர் அசைத்துப் பார்க்கவில்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அனுப்பிய செய்தியை வாபஸ் வாங்க வேண்டியிருந்தது. அடுத்தவன் பிழையைத் திருத்தியே தலை நரைத்த மனிதருக்கு மானம் கப்பலேறிவிட்டது. சங்கத்து ஆட்கள் அதற்குப் பிறகு அவரைத் தெருவில் பார்த்தால், “சார், இன்னைக்கு எத்தனை வால்நட்சத்திரம்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். தம்பியோடு பேசுவதையும் நிறுத்தினார்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நேற்று விடியற்காலையில் சின்னவர் வடகிழக்கே ஒரு மங்கலைப் பார்த்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. குழாயை அசைத்தார், மங்கல் நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகர்ந்தது. போலி இல்லை. ஆனால் வால்நட்சத்திரம் என்று சொல்ல அது இடம் மாறியிருப்பதை இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். இன்று விடியலில் பார்க்கலாமென்று போனால் வானம் முழுக்க மேகம். நாளையிலிருந்து ஒரு வாரத்துக்கு மழை என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் விட்டுவைக்க அது என்ன வீட்டுப் பூனையா? அதற்குள் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. அந்த மங்கல் சூரியனுக்கு நன்றாக வடக்கே தள்ளி நின்றது. அப்படி நிற்பது சூரியனுக்கு முன்னால் எழுந்து, சூரியனுக்குப் பின்னால் மறையும். காலையிலும் தெரியும், மாலையிலும் தெரியும். இன்று மாலை இருட்டியதும் வடமேற்கில் கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் வடமேற்கு அண்ணன் பாகம்.

சின்னவர் கடையில் உட்கார்ந்து நாள் பூராவும் நகத்தைக் கடித்தார். ஒரு கிழவிக்கு மாற்றிக் கண்ணாடி கொடுத்ததில் அவள் வாசல்படியில் தடுக்கி விழப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட வந்தபோது மனைவி போகிற போக்கில், “ரெண்டாம் மாடி அத்தான் இன்னைக்குச் சாயந்தரம் பல் டாக்டர்கிட்டப் போறாராம், அக்கா சொன்னாங்க” என்றாள். சின்னவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு மாலை. ஒரே ஒரு பார்வை. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தவர் நேராகக் கீழ்த்தளத்தில் லிப்டில் ஏறினார். அது பழங்காலத்து இரும்புக் கிராதி லிப்ட். அதைச் சுற்றி மாடிப்படி வளைந்து வளைந்து ஏறும். சட்டைப்பையில், தொலைநோக்கியில் கண் வைக்கும் முனையில் பொருத்துகிற தன்னுடைய கண்வில்லையை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். மொட்டைமாடிக்குப் போக ஒன்பதாம் மாடிப் பொத்தானை அழுத்தினார். லிப்ட் முனகிக்கொண்டே இரண்டாம் மாடியில் நின்றது. கிராதிக்கு வெளியே, கழுத்தில் பைனாகுலரோடு, பெரியவர்.

பல் டாக்டர் வரவில்லையாம். அது சின்னவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு உள்ளே வந்து கிராதியை இழுத்துச் சாத்தி, பொத்தானைப் பார்த்தார். ஒன்பது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தம்பியின் வீடு ஐந்தில். ஐந்து வந்தது, போயிற்று. கையும் களவுமாக அகப்பட்ட சின்னவர் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஏழு தாண்டியதும் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. மாடிப்படி விளக்குகளும் தெருவிளக்குகளும் சேர்ந்து அணைந்தன. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

“யார் சார் உள்ள?” என்று கீழிருந்து வாட்ச்மேன் கத்தினான்.

“ரெண்டு பேர் இருக்கோம்” என்றார் பெரியவர்.

“ரெண்டு பேருன்னா யார் யாரு சார்?”

“நான் ஒருத்தன். அப்புறம்… இன்னொருத்தர்.”

“லிப்ட் கம்பெனிக்குப் போன் போட்டுட்டேன் சார். கரண்ட் வந்தா தானா ஓடும், இல்லேன்னா ஆள் வந்துதான் இறக்கணும்னாங்க.”

“ஆள் எப்ப வருவான்?”

“கிளம்பிட்டேன்னுதான் சொன்னான் சார். அவன் எப்பவும் அப்படித்தான் சொல்லுவான்.”

வாட்ச்மேனின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கூண்டுக்குள் எண்ணெய் வாடையும் புழுக்கமும் மட்டும் இருந்தன. சின்னவர் கிராதியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மாடிகளுக்கு நடுவில் நின்றால் திறக்காத கிராதி அது. எட்டாம் மாடியின் தரை அவர் தலைக்கு மேலே இருந்தது. யாருடைய வீட்டு மிதியடியோ அதன் விளிம்பில் தெரிந்தது.

பெரியவர் நெட்டை. அவருக்கு மிதியடியைத் தாண்டியும் தெரிந்தது. அவர் குதிகாலை உயர்த்திப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோல, “ஜன்னல் திறந்திருக்கு” என்றார். எட்டாம் மாடி நடைபாதையில் மேற்கே பார்த்த ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அதன் வழியாகக் கொஞ்சம் வானம் அவருக்குக் கிடைத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ஊர்ல ஒரு விளக்கு இல்ல. இப்படி ஒரு இருட்டு நான் பாத்ததே இல்ல” என்றார்.

சின்னவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாலை வாய்த்ததில்லை. வாய்த்த மாலையில் அவர் பெட்டிக்குள் எலிபோல அடைபட்டிருக்கிறார். அந்த மங்கல் வடமேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். நாளை மழை. ஜன்னல் இருக்கிறது, வானம் இருக்கிறது, பைனாகுலரும் இருக்கிறது. எல்லாம் அண்ணன் கழுத்தில் தொங்குகிறது.

சொன்னால் அண்ணன் பார்ப்பார். அண்ணன் பாகத்தில், அண்ணன் கருவியில், அண்ணன் கண்ணில் பட்டது அண்ணனுடையதாகிவிடும். சொல்லாவிட்டால் யாருக்கும் இல்லாமல் போகும். சின்னவர் வாய்வரை வந்ததை மென்று மென்று விழுங்கினார். முதுகில் வியர்வை ஓடியது. ஒரு தடவை வாயைத் திறந்து இருமிவிட்டு மூடிக்கொண்டார். யாருக்கும் இல்லாமல் போவதே மேல் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

“அண்ணா.”

ஆறு வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்த சொல் அது. பெரியவர் திரும்பவில்லை.

“நேத்து விடியக்காலையில ஒண்ணு பாத்தேன். இன்னைக்கு மேகம். அது இப்ப இந்தப் பக்கம் இருக்கணும். அதுக்காகத்தான் மேல போனேன். உங்க பாகம்னு தெரியும். தப்புதான்.”

பெரியவர் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

“வடமேற்குல, அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கு…” என்று ஆரம்பித்த சின்னவர் பாதியில் நிறுத்தினார். பைனாகுலர் ஏற்கெனவே அங்கே போயிருந்தது. தேடவில்லை, தடவவில்லை. தன் வீட்டு ஸ்விட்சை இருட்டில் போடுகிறவர் கைபோல நேராக ஒரே இடத்தில் போய் நின்றது.

“அண்ணா, நான் இன்னும் இடம் சொல்லலையே.”

பெரியவர் கருவியை இறக்கவில்லை. “மூணு நாளா பாக்கறேன்” என்றார்.

“மூணு நாளாவா?”

“இன்னைக்கு நாலாவது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகந்துருக்கு.”

“அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யார்கிட்டச் சொல்றது?” பெரியவரின் குரல் உயரவே இல்லை. “வெள்ளியும் அதே பக்கம்தான் நிக்குது. குழாயை அசைச்சேன். அசைச்சு அசைச்சுக் கையே வலிக்குது. சேர்ந்துதான் நகருது. ஆனா என் கையை நானே நம்பலடா. இன்னொரு கண்ணு பாத்து ஆமான்னு சொன்னாத் தேவலைன்னு இருந்துச்சு. இந்தக் கட்டடத்துல இன்னொரு கண்ணு யாருது?”

மூன்று மாலைகளாக அண்ணன் தனியாக அந்தக் குழாயை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே ஐந்தாம் மாடியில் தம்பி செய்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து கேட்ட அந்தக் கேள்வி சரியான கேள்விதான் என்று இத்தனை நாளும் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக வாதாடுவதை நிறுத்தினார்.

“அன்னைக்கு நான் வீட்டுல வச்சுக் கேட்டிருக்கணும்” என்றார்.

“கேட்டிருக்கலாம்” என்றார் பெரியவர். பிறகு பைனாகுலரைக் கழற்றித் தம்பி கழுத்தில் மாட்டினார். “அது மறையறதுக்குள்ள நீ பாரு. நான் குனியறேன், ஏறு.”

“உங்க இடுப்புக்கு ஆகாது.”

“ஆகாதுதான். ஒடஞ்சா உங்க அண்ணிக்கு நீதான் பதில் சொல்லணும். செருப்பைக் கழட்டிட்டு ஏறுடா.”

இருட்டுக் கூண்டுக்குள் ஒரு வயசாளி கையை ஊன்றிக் குனிய, இன்னொரு வயசாளி அவர் முதுகில் ஏறிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் யாராவது டார்ச்சோடு வந்திருந்தால் இருவரின் மீதி மரியாதையும் போயிருக்கும். நல்லவேளையாக யாரும் வரவில்லை. சின்னவர் கிராதியின் இடைவெளியில் பைனாகுலரை வைத்தார். ஜன்னலில் நட்சத்திரங்கள் நிறைந்து கிடந்தன. இரண்டு நட்சத்திரங்களுக்குக் கீழே, நேற்று விடியலில் பார்த்ததைவிட இடம் மாறி, அதே மங்கல். கண்ணாடியில் ஊதிய மூச்சுக்காற்றின் அளவுதான். கூர்ந்து பார்த்தபோது ஒரு பக்கம் லேசாக நீண்டிருந்தது.

“அசைச்சுப் பாரு” என்றார் கீழிருந்து பெரியவர்.

சின்னவர் அசைத்தார். சேர்ந்து நகர்ந்தது. மறுபடி அசைத்தார். மறுபடியும் சேர்ந்தே நகர்ந்தது.

“நிஜம்தான் அண்ணா.”

முதுகு அவருடைய பாதங்களுக்குக் கீழே நடுங்கியது. இடுப்பு வலியா வேறு ஏதாவதா என்று சின்னவர் கேட்கவில்லை. இறங்கினார். பெரியவர் எழுந்திருக்காமல் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சின்னவர் போனை எடுத்தார். சிக்னல் துளிகூட இல்லை, அதற்குள் செல்போன் டவரும் அணைந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த வெளிச்சத்தில் அறிக்கையை எழுதினார். எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மங்கல், எந்தப் பக்கம் நகர்கிறது என்று அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்று மாலைக் கணக்கும் பெரியவருக்கு மனப்பாடமாக இருந்தது. முதலில் பார்த்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரையும், மூன்று நாளுக்கு முந்திய தேதியையும் போட்டார். தன் பெயரை அதற்குக் கீழே போட்டார். அந்தப் பாகப்பிரிவினை அவருக்கு வலிக்கவில்லை. இத்தனை காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது கிடைத்துவிட்டது. ஒரே பெயராக வைத்தால் என்ன, இரண்டு பெயராக வைத்தால் என்ன. இந்தக் கிராதி திறந்தால் போதும்.

“படிச்சுக் காட்டு” என்றார் பெரியவர். பழைய தொழில் விடுமா? படித்ததில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். சின்னவர் திருத்தினார்.

நெடுநேரம் கழித்து விளக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊர் மொத்தமும் பளிச்சென்று எரிந்து, வானம் பழையபடி சாம்பல் பூத்துப்போனது. லிப்ட் முனகிக்கொண்டு மேலே ஏறி ஒன்பதாம் மாடியில் நின்றது. சின்னவரின் போன் கையில் அதிர்ந்தது. சிக்னல் வந்துவிட்டது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தவர், அதற்கு முன்னால் வந்து இறங்கிய ஒரு செய்தியைப் பார்த்தார்.

உலகம் முழுக்க வால்நட்சத்திரம் தேடுகிறவர்களுக்கெல்லாம் வருகிற அறிவிப்பு அது. அவர்கள் கூண்டுக்குள் இருந்தபோது வெளியாகியிருக்கிறது. அதே இடம், அதே நகர்வு. புது வால்நட்சத்திரம். வேறொரு நாட்டில் ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பெயரும் வைத்துவிட்டார்கள்.

“என்னடா?” என்றார் பெரியவர். கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. சின்னவர் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். ஒரு பொய் சொல்லி இந்த இரவையாவது அண்ணனுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு? முழுவதையும் படித்துக் காட்டினார்.

பெரியவர் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார். கேட்டு முடித்து, “அந்தப் பொண்ணு என்னைக்குப் பாத்தாளாம்?” என்றார்.

“முந்தாநாள் சாயந்தரம்.”

“நான் அதுக்கு முந்தின நாள் பாத்தேன்.”

“ஆமாண்ணா.”

கீழே வாட்ச்மேன், “லிப்ட் ஓடுதா சார்? வெளிய வந்துட்டீங்களா?” என்று கத்தினான். சின்னவர் எழுதிய அறிக்கை அனுப்பப்படாமல் கையில் எரிந்துகொண்டிருந்தது. கிராதி இப்போது ஒரு விரலால் தள்ளினாலும் திறந்துவிடும்.

“ரெண்டாம் மாடியிலிருந்து அஞ்சாவதுக்கு மூணு மாடிதான்டா. முதல் நாளே ஏறி வந்திருக்கலாம்” என்றார் பெரியவர்.

சின்னவர் அவர் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். மேலே விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. இருவரும் வெளியே வரவில்லை.